டாக்டரம்மா பேசிய தமிழ்

என் பிரியமுள்ள அப்பா,

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் முன்பைவிட அதிகமாக நடக்கிறாள். ஏன் நடக்கிறாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். பள்ளிவாசல் பவர் ஹவுசுக்கு மலைச்சரிவில் இறங்கும் பெரிய தண்ணீர்க் குழாய்களுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்தால் நிறம் சரியில்லை என்றுதான் சொல்வீர்கள். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. உங்களோடு பவர் ஹவுசில் வேலை பார்த்த வர்க்கீஸ் மாமா, சாயங்காலம் நம் வீட்டைக் கடக்கும்போது இப்போதும் சற்று நின்றுவிட்டுத்தான் போகிறார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. உங்கள் படத்தைப் பார்த்தேன் அப்பா, அந்த ஆகாசக் கப்பல் படத்தை. முதல் தடவையாக உங்கள் குரல் இல்லாமல் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரிந்த கதையையே திரும்பவும் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள். அவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் போனபோது ஒரு தியேட்டரில் அந்த இங்கிலீஷ் படத்தைப் பார்த்தீர்கள். அப்போதே அது பழைய படம். பல வருடம் கழித்து அடிமாலியில் ஒரு வீடியோ கடையை மூடியபோது, குவித்துப் போட்டிருந்த கேசட்டுகளுக்குள் அதே படம் உங்கள் கையில் கிடைத்தது. அன்று நீங்கள் வீட்டுக்கு வந்த முகத்தை அம்மா இன்றைக்கும் சொல்வாள். "பிரமோஷன் கெடச்ச அன்னைக்குக்கூட அப்படிச் சிரிக்கல" என்பாள்.

சித்திரபுரத்தில் நாம் அப்போது இருந்த குவார்ட்டர்ஸ் வீட்டு முன்னறையில், விடுமுறை நாட்களில் அந்தப் படம் ஓடும். பெரியவர்கள் நாற்காலியில், நாங்கள் தரையில். நீங்கள் டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் இங்கிலீஷில் பேசப் பேச எங்களுக்குத் தமிழில் பேசுவீர்கள். படத்தை நிறுத்தவே மாட்டீர்கள். கேப்டனுக்கு உங்கள் பெரிய இன்ஜினியரின் விறைப்பான குரல். கப்பலின் கம்ப்யூட்டர் பேசினால் ரேடியோவில் செய்தி வாசிப்பவரின் குரல். எல்லோரும் சிரிப்பார்கள். சுவர் முழுக்க விளக்கு மினுக்கும் அந்தக் கப்பலின் உள்ளறை வந்ததும், "நம்ம கன்ட்ரோல் ரூம் மாதிரியே இருக்குல்லா" என்று ஒவ்வொரு தடவையும் வர்க்கீஸ் மாமாவிடம் கேட்பீர்கள். அவரும் ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்பார்.

கப்பலில் இருக்கும் ஒரே பெண்ணான டாக்டரம்மாவுக்கு மட்டும் நீங்கள் வேறு குரல் போடவில்லை. உங்கள் சொந்தக் குரலிலேயே, கொஞ்சம் தணிவாக, நிதானமாகப் பேசினீர்கள். அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

எனக்குத் தெரிந்த கதை இது. முன்னால் போன ஒரு கப்பல் சிவப்புக் கிரகத்தில் தொலைந்துவிட, அதைத் தேடி இன்னொரு கப்பல் போகிறது. உள்ளே ஆண்கள் பலர். பெண் ஒருத்தி. அவள் செடிகளைப் பற்றிப் படித்த டாக்டர். பாதி வழியில் ஒரு கல் வந்து மோதி, காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் நின்றுவிடுகிறது. எல்லோருக்கும் மூச்சு முட்டுகிறது. கேப்டன் திகைத்து நிற்கிறார். அப்போது டாக்டரம்மா முன்னால் வந்து சொல்வாள், "கேப்டன், செடி ரூம் கதவத் தொறந்துவிடுங்க. அங்க உள்ள காத்து நமக்குப் போதும்."

"செடியெல்லாம் செத்துப்போச்சுன்னா?" என்பார் கேப்டன்.

"நாம செத்துப்போனா செடிக்குத் தண்ணி ஊத்துறது யாரு?"

நாங்கள் கை தட்டுவோம். கடைசியில் கப்பல் கிரகத்தின் மேலே வட்டமிடும்போது கேப்டன் அவளுடைய தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "டாக்டரம்மா, எறங்கலாமா?" என்று கேட்பார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "காத்து நல்லாருக்கு. எறங்கலாம்" என்பாள். அதற்குப் பிறகுதான் கப்பல் இறங்கும்.

அவளை நம்பித்தான் அப்பா நான் படித்தேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் எடுத்தபோது வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தோம். பையன்கள் கிண்டல் செய்தபோதெல்லாம் எனக்குள் அந்த நிதானமான குரல்தான் பதில் சொன்னது. இன்று கஞ்சிக்கோட்டில் டிரான்ஸ்பார்மர் செய்யும் கம்பெனி ஒன்றில் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மெஷின் நின்றுபோய் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது முன்னால் போய் நிற்கும் பழக்கம் எனக்கு அவளிடமிருந்து வந்தது.

போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கஞ்சிக்கோட்டில் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெளியே தலைகாட்ட முடியவில்லை. உங்கள் ஞாபகம் வந்தது. இன்டர்நெட்டில் தேடினேன், முழுப்படமும் கிடைத்தது. வசனம் கீழே இங்கிலீஷில் எழுத்தாகவே ஓடியது. அறையை இருட்டாக்கிக்கொண்டு, நீங்கள் உட்காரும் ஸ்டூலை மனதில் போட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன்.

டாக்டரம்மா பேசவே இல்லை அப்பா.

அதாவது பேசுகிறாள். "காபி வேண்டுமா?" என்கிறாள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்கிறாள். ஆரம்பத்தில் கேப்டன் அவளை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, இந்த அழகுக்குள் கொஞ்சம் மூளையும் இருக்கிறது என்று சொல்ல, எல்லா ஆண்களும் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். கல் மோதியதும் அவள் கையிலிருந்த தட்டு கீழே விழுகிறது. செடி அறையைத் திறக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பது கேப்டன். அவள் அந்த அறைக்குள் நிற்கிறாள், அவ்வளவுதான். அவள் வளர்த்த செடிகள். என்றாலும் அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கதவைத் திறக்கிறார்கள்.

கடைசிக் காட்சியை இரண்டு தடவை திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கேப்டன் அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். "இனிமேல் பயப்பட ஒன்றுமில்லை பெண்ணே. போய்த் தலையைச் சரிசெய்துகொள், இறங்கப் போகிறோம்" என்கிறார். அவள் ஜன்னல் வழியாகக் கிரகத்தைப் பார்க்கிறாள் என்று நாங்கள் நினைத்தோமே, அது ஜன்னல்தான். ஆனால் அவள் அதன் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் கண்ணில் பட்டது. ஆண்களின் உடையில் பாக்கெட்டுகள் இருக்கின்றன, இடுப்புப் பட்டையில் கருவிகள் தொங்குகின்றன. அவளுடைய வெள்ளி நிற உடையில் ஒரு பாக்கெட்கூட இல்லை. டாக்டர் பேனாவை எங்கே வைப்பாள்? ஆண்கள் பேசும்போது கேமரா அவர்கள் முகத்தைப் பார்க்கிறது, அவள் பேசும்போது அவள் உடம்பைப் பார்க்கிறது. கப்பலின் கம்ப்யூட்டருக்குப் பெண் குரல். சொன்னதைச் செய்துவிட்டு நன்றி சொல்லும் குரல். அந்தக் கப்பலில் குரல் இருந்த பெண்ணுக்கு உடம்பு இல்லை, உடம்பு இருந்த பெண்ணுக்குக் குரல் இல்லை. இத்தனை தூரம் ஆகாயத்தில் போக முடியும் என்று கற்பனை செய்தவர்களால், காபியை அவரவரே எடுத்துக் குடிப்பார்கள் என்று கற்பனை செய்ய முடியவில்லை.

ஆனாலும் படம் அழகாக இருந்தது அப்பா, அதையும் சொல்ல வேண்டும். ஒரு சத்தமும் இல்லாமல் கப்பல் நகர்கிற காட்சிகள், காகிதத்தில் செய்ததுபோன்ற அந்தச் சிவப்பு மலைகள். வயதான இன்ஜினியர் ஒருவர் சுவரில் காதை வைத்து மெஷினின் ஓட்டத்தைக் கேட்பாரே, அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நீங்களும் அப்படித்தானே டர்பைன் ஓட்டத்தைக் கேட்பீர்கள்? ஒரு படத்தின் மேல் கோபமும் பிரியமும் ஒரே நேரத்தில் வருமா? எனக்கு வந்தது.

அன்று முழுக்க உங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களுக்கு இங்கிலீஷ் சரியாக விளங்கவில்லையா? அல்லது விளங்கித்தான் மாற்றினீர்களா?

அடுத்த லீவில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மாவை உட்கார வைத்து, அந்தப் படத்தைப் போட்டேன். எத்தனையோ தடவை நம் வீட்டில் ஓடிய படம், அம்மா அதை ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. உங்களுக்கு அது தெரியுமா?

"உங்கப்பா சொன்னத நீ சொல்லாத. அவுக உள்ளபடிக்கு என்ன பேசுதாகளோ அதச் சொல்லு" என்றாள் அம்மா. நான் அப்படியே சொன்னேன். தட்டு விழுந்தபோது "ச்சோ" என்றாள். தலையைச் சரிசெய்துகொள் என்று கேப்டன் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா. அப்பாவுக்கு இங்கிலீஷ் வெளங்கலயோ என்னவோ."

"யாரு சொன்னா? மெஷினோட வந்த புஸ்தகம் பூரா இங்கிலீஷ்லதான இருந்துச்சு? அதப் படிச்சு மத்தவுகளுக்குச் சொல்லிக் குடுத்ததே உங்கப்பாதான். எல்லாம் வெளங்கித்தான் சொன்னாக." அம்மா திரையைக் கையால் காட்டினாள். "மொதல்ல சரியாத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாக. நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஒருநாள் கேட்ட, அந்த அத்தை ஏம்ப்பா எல்லாருக்கும் டம்ளர் மட்டும் கொண்டுட்டு வாராங்கன்னு. எல்லாரும் சிரிச்சாக. உங்கப்பா சிரிக்கல. அடுத்த தடவ படம் போட்டப்ப அவ பேச ஆரம்பிச்சிட்டா."

எனக்கு அந்தக் கேள்வி ஞாபகமே இல்லை அப்பா. நான் கேட்ட ஒரு கேள்விக்காக நீங்கள் ஒரு படத்தையே மாற்றியிருக்கிறீர்கள். யாரோ எழுதி, யாரோ எடுத்து, உலகமெல்லாம் ஓடிய படத்தை, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு மாற்றியிருக்கிறீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா கையை எடுக்கவில்லை. ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"நல்ல காரியந்தான் பண்ணுனாக. நா அடுப்படியில நின்னு அத்தனையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வந்தவுக எல்லாருக்கும் டீ போடணும்லா. சினிமாவுல இருந்தவளுக்கு அந்த வேலைய மாத்திக் குடுத்தாக. எனக்கு மாத்தல."

கோபமே இல்லாத குரல். மீட்டரைப் பார்த்து ரீடிங் சொல்வதுபோலச் சொன்னாள்.

பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். நான் பிறந்து கொஞ்ச நாளில், எஸ்டேட் பக்கம் புதிதாகத் திறந்த பாலர் பள்ளிக்கு டீச்சர் வேலைக்கு அவளைக் கூப்பிட்டு வீட்டுக்கே ஆள் வந்தார்களாம். பத்தாம் வகுப்பு பாஸ் செய்த, தமிழும் மலையாளமும் எழுதத் தெரிந்த பெண் அந்தப் பக்கம் அவள் ஒருத்திதானாம்.

"நா உள்ள சேல மாத்திக்கிட்டு வாரதுக்குள்ள உங்கப்பாவே பதில் சொல்லி அனுப்பிட்டாக. ஷிப்டு வேலைக்குப் போறவன், வீட்டுல ஆள் இல்லாம எப்படின்னு. அது ஞாயமாக்கூட இருக்கலாம். ஆனா எங்கிட்ட கேக்கல பாப்பா. கேட்டிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேனோ என்னவோ."

நான் என்ன சொல்வது அப்பா? அந்த முன்னறையில் இரண்டு பேராக நீங்கள் இருந்தீர்கள். எனக்காக ஒரு பெண்ணைப் பேச வைத்த நீங்கள், அம்மாவுக்காக நீங்களே பேசிவிட்ட நீங்கள். இருவரில் யார் என் அப்பா என்று கேட்டால் இருவரும்தான் என்று சொல்வேன். உங்களுக்கு எப்போதாவது இது தோன்றியதா? அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்கையில், ஒரு தடவையாவது?

அன்றைக்கே அம்மா இன்னொரு விஷயத்தையும் சொன்னாள். பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது, நம் வார்டு இந்தத் தடவை பெண்களுக்கு ஒதுக்கியாகிவிட்டது, அவளுடைய அயல்கூட்டத்துப் பெண்கள் அவளை நிற்கச் சொல்கிறார்கள் என்று. அயல்கூட்டம் என்றால் பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்த குழு. ஆடு வாங்கவும் சீட்டுப் பிடிக்கவும் ஆரம்பித்தது. இப்போது காலனிக்கு எது வேண்டுமென்றாலும் முதலில் அங்கேதான் பேச்சு எழுகிறது.

"எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்ல. சும்மா நம்மதான்."

"நீ என்னம்மா சொன்ன?"

"யோசிச்சுச் சொல்லுதேன்னு சொன்னேன். யோசிச்சிட்டேன்."

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. சேகர் கோயம்புத்தூரில் வீடு பிடித்து, அம்மாவுக்கென்று ஓர் அறையை வெள்ளையடித்து வைத்திருந்தான். அவன் மனைவி பிரியாவுக்குப் பிரசவ லீவு முடிகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வருவாள் என்று எல்லோரும் பேசாமலே முடிவு செய்திருந்தோம். நானும்தான். சேகர் விஷயம் தெரிந்ததும் காரை எடுத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டான். பிரியாவும் குழந்தையும்கூட வந்தார்கள்.

"எம்மா, இந்த முட்டியோட வீடு வீடா ஏறி எறங்கணுமா? ஊரே சிரிக்கும். அப்பா இருந்தா விட்டிருப்பாகளா?"

அம்மா உங்கள் போட்டோவுக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். திரியைத் தூண்டிவிட்டுத்தான் திரும்பினாள்.

"விட்டிருக்க மாட்டாக. ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பாக. மூணாவது நாள் நோட்டீஸ்ல எழுத்துப்பிழை இருக்கான்னு வாங்கிப் பாத்திருப்பாக. எனக்கு அவுகளத் தெரியும்."

நீங்கள் நிஜமாகவே அப்படிச் செய்திருப்பீர்களா?

பிரியா பின்பக்கம் குழந்தையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். நான் போனதும் மெதுவாகச் சொன்னாள். "அத்தை வந்தாத்தானுங்க அக்கா நா வேலைக்குப் போக முடியும். அத்தைய நிக்க வேண்டாம்னு சொல்லவும் எனக்கு வாய் வர மாட்டேங்குது. ரெண்டும் நெசந்தானுங்க. நா யாரு பக்கம் பேசறது?"

ஒரு பெண் வெளியே போக இன்னொரு பெண் உள்ளே வர வேண்டும் என்றுதான் நம் வீட்டுக் கணக்கு இருந்தது. குழந்தைக்கு அப்பா என்று ஒருவன் இருப்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. அதை அன்று சாப்பிடும்போது வாய்விட்டுச் சொன்னவள் பிரியாதான். "ஏனுங்க, நீங்க ஷிப்ட மாத்திக் கேட்டா என்னங்க?" என்றாள் சேகரிடம். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். முகம் கொடுத்துப் பேசாமல்தான் அன்று மலையிறங்கினான்.

பிறகு ஷிப்டை மாற்றிக்கொண்டான். காலையில் பிரியா குழந்தையைத் தன் ஆபீசுக்குப் பக்கத்துக் காப்பகத்தில் விடுகிறாள், மத்தியானம் அவன் போய்க் கூட்டி வருகிறான். முதல் மாதம் குழந்தைக்குச் சளி, இருமல். அதற்கும் அம்மாவைத்தான் குறை சொன்னான். இப்போது குழந்தைக்கு எந்தக் கஞ்சி பிடிக்கும் என்று எனக்கே பாடம் நடத்துகிறான். சில நாட்களில் பிரியா போனில் அழுகிறாள். இன்னும் எல்லாம் சரியாகிவிடவில்லை அப்பா. ஆனால் வீடு ஓடுகிறது.

தேர்தலில் அம்மாவுக்கு மேசை விசிறிச் சின்னம் கிடைத்தது. நம் ஊர்க் குளிரில் யார் வீட்டில் விசிறி இருக்கிறது? "இந்தக் குளிருல எங்களுக்கு எதுக்கு அக்கா ஃபேனு?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். "ஓட்டப் போட்டுட்டுப் போத்திக்கிட்டுப் படுங்க" என்றாள் அம்மா. அவள் இப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. லீவு போட்டுவிட்டு நானும் கூடவே நடந்தேன். தேயிலைக்கு நடுவே ஏறி இறங்கும் அந்தப் பாதைகளில் அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசப் பேச, எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த நிதானம், அந்தக் குறும்பு, கேள்வியையே பதிலாகத் திருப்பித் தருகிற அந்த விதம். "நாம செத்துப்போனா செடிக்குத் தண்ணி ஊத்துறது யாரு?" அது யார் பேசுகிற பேச்சு அப்பா? டாக்டரம்மாவுக்கு வசனம் வேண்டியிருந்தபோது நீங்கள் எங்கே போய் எடுத்தீர்கள்?

காலனி முக்கில் ஒரு சின்னக் கூட்டம். மழையில் சரிந்துபோன நடைபாதையைப் பற்றிப் பேசத்தான் கூடியிருந்தார்கள்; பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் கொழுந்து கிள்ளப் போகிற பெண்களும் அந்தச் சேற்றில்தான் நடக்கிறார்கள். வர்க்கீஸ் மாமா மைக்கைப் பிடித்து உங்கள் பெயரைச் சொன்னார், உங்கள் நல்ல மனசைச் சொன்னார், "ஆ நல்ல மனுஷன்டெ பாரியாளுக்கு ஓட்டுப் போடணும்" என்று உங்கள் மனைவிக்காகத் தன் மலையாளம் கலந்த தமிழில் ஓட்டுக் கேட்டு முடித்தார். கை தட்டினார்கள். அம்மா மைக்கை வாங்கினாள். முதல் தடவை அப்பா.

"அவுக பேரு உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள். "என் பேரு செல்லம்மா. நோட்டீஸ்லயும் அதான் போட்டிருக்கு, பாத்துக்கிடுங்க. நடைபாதையப் பத்திப் பேசுவோம்."

வர்க்கீஸ் மாமா முதல் ஆளாகத் தட்டினார். அடுத்த கூட்டத்தில், "இது செல்லம்மா சேச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்.

தோற்றுப்போனாள் அப்பா. பூத்தில் அவளுடைய ஏஜெண்டாக நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஓட்டு எண்ணிய இடத்திலும் நான் இருந்தேன். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, இரண்டாவதாக வந்தாள். ஒரு கட்சியின் சார்பில் நின்ற ஷைனி என்ற பெண் ஜெயித்தாள். என்னைவிட இளையவள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா, "அப்படியா" என்றாள். பிறகு, "இத்தன பேரு போட்டிருக்காகளா எனக்கு?" என்றாள். சேகர் போன் செய்தான். என்ன பேசினார்களோ தெரியாது. முடித்துவிட்டு வந்த அம்மாவின் முகம் தெளிவாக இருந்தது.

மறுநாள் காலையில் ஷைனி நம் வீட்டுக்கு வந்தாள், மரியாதைக்காக. அவள் கணவனும் கட்சிக்காரர்கள் சிலரும் கூட வந்தார்கள். கணவன்தான் பேசினான். எல்லோரும் ஒற்றுமையாக இருக்க வேண்டும், செல்லம்மா சேச்சியின் ஆசி வேண்டும் என்றெல்லாம் சொன்னான். நல்ல பையன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷைனி சிரித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"நடைபாதை எப்ப சரியாகும்?" என்று அம்மா கேட்டாள்.

"அது நமக்கு முதல் பட்ஜெட்டிலேயே…" என்று அவன் தொடங்கினான்.

"உங்ககிட்ட இல்ல தம்பி. மெம்பர்கிட்ட கேக்கேன்."

ஷைனி கணவனைப் பார்த்தாள், பிறகு கட்சிக்காரர்களைப் பார்த்தாள். யாரோ இருமினார்கள். கணவனுக்கு இரண்டு தடவை பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. எனக்கே பொறுக்கவில்லை, ஏதாவது சொல்லி அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிடலாமா என்று தோன்றியது. அம்மா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள். நாற்காலியைக் காட்டி ஷைனியை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் முகத்தையே பார்த்தபடி இருந்தாள். அவசரமே இல்லை.

ஷைனி உட்கார்ந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "எனிக்கு அறியில்லா சேச்சி" என்றாள். தனக்கு இன்னும் எதுவும் தெரியாது என்றாள். பிறகு கொஞ்சம் தெளிந்து, "நாளை நம்மள் ரெண்டு பேரும் போய்ப் பாக்காமோ?" என்று கேட்டாள்.

"போலாம்" என்றாள் அம்மா.

போனார்கள். இப்போதும் போகிறார்கள். அம்மா அதிகமாக நடக்கிறாள் என்று சொன்னேனே, இதனால்தான். நடைபாதையில் பாதி முடிந்திருக்கிறது, மீதிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

அப்பா, நீங்கள் எனக்குத் தந்ததை நான் எப்படித் திருப்பித் தருவேன் என்று தெரியவில்லை. உங்கள் மேல் எனக்கு இருக்கும் வருத்தத்தையும் நான் எங்கேயும் ஒளித்துவைக்கப் போவதில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டே உங்களை நேசிக்க முடிகிறது, அது எனக்குப் போதும். ஒரே ஒரு வாக்குத் தருகிறேன். அம்மாவிடம் யார் எதைக் கேட்டு வந்தாலும், அவளுக்காக நான் பதில் சொல்ல மாட்டேன். அவள் யோசித்துச் சொல்லும் வரை, எவ்வளவு நேரமானாலும், பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என்றும் உங்கள் பாப்பா,
செல்லம்மாவின் மூத்த மகள்
பூங்கொடி